பெயர்நாளில் பூட்டிய கதவு

கோட்டை வாசலில் பெட்கானா டிக்கெட் கொடுக்க உட்கார்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்தப் படி மழையில் வழுக்கும், எந்த மாடத்தில் புறா குஞ்சு பொரித்திருக்கிறது, எந்தச் சுவரில் காதலர்கள் பெயர் கிறுக்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வசந்தம் வந்துவிட்டால் டான்யூப் ஆற்றில் கப்பல்கள் வரும், தலை நரைத்த வெளிநாட்டுக்காரர்கள் இறங்குவார்கள். அவர்கள் ஏதாவது கேட்பார்கள், இவள் கையை நீட்டிக் காட்டுவாள். இரண்டு பக்கமும் ஒரு சிரிப்பு, அத்தோடு வேலை முடிந்தது.

அந்த வருஷம் பிப்ரவரியில் நகராட்சிக்கு ஞானோதயம் பிறந்தது. கோட்டை வாசலில் உட்காருகிறவர் அக்டோபர் முடிவதற்குள் ஆங்கிலத் தேர்வு எழுதிச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த நாற்காலியில் வேறு ஆள். பெட்கானாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கணவன் காமென் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ஆஸ்திரியாவிலோ துருக்கியிலோ கிடப்பான். அவன் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடாமல் போகாது. ஆனால் காலையில் எழுந்து அந்த வாசலுக்குப் போகாமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசகசாலை மாடியில் ரலித்சா என்ற பெண் மாலை வகுப்பு நடத்தினாள். பகலில் பள்ளிக்கூடத்து டீச்சர், இருபத்தாறு வயது, பொறுமைசாலி. வகுப்பில் எட்டுப் பேர். ஏழு பேர் ஊரை விட்டுப் போவதற்காக ஆங்கிலம் படித்தார்கள். ஊரிலேயே இருப்பதற்காகப் படித்தவள் பெட்கானா ஒருத்திதான்.

ஆங்கிலத்தின் மரபுத்தொடர்கள் அவளுக்கு முதல் வாரமே பிடித்துப்போயின. நாயும் பூனையுமாக மழை கொட்டுமாம், சுலபமான வேலை என்றால் ஒரு துண்டு கேக்காம். இப்படிப் பேசுகிறவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்தான் என்று அவளுக்கு ஒரு ஆறுதல். ஒவ்வொன்றையும் துண்டுக் காகிதத்தில் எழுதி டிக்கெட் ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்தாள். கோபுரம் ஏறுவது கஷ்டமா என்று கேட்ட ஒரு வயதான அம்மாளிடம், "ஒரு துண்டு கேக்" என்று வாய் நிறையச் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி இறங்கிய அந்த அம்மாள் மூச்சு வாங்க ஜன்னலுக்கே திரும்பி வந்து, விரலை ஆட்டி, "அது கேக் இல்லையம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெட்கானா அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தாள். தான் சொன்னது ஒருவருக்குப் புரிந்திருக்கிறது அல்லவா?

நடந்து முடிந்ததைச் சொல்வதுதான் அவளுக்கு எமனாக வந்தது. 'கோ' என்பது 'வென்ட்' ஆகிறதாம், யார் பெற்ற பிள்ளை யார் வீட்டில் வந்து நிற்கிறது பாருங்கள். பட்டியலை மனப்பாடம் செய்வாள், பாத்திரம் துலக்கும்போது ஒப்பிப்பாள், வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசும்போது எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். அந்தக் கோபத்தை ரலித்சாவிடம் காட்டினாள்.

"டீச்சர், நான் கண்ணால பாத்ததுக்கும் அடுத்தவங்க சொல்லிக் கேட்டதுக்கும் இவங்ககிட்ட ஒரே சொல்தானா?"

"ஆமா பெட்கானாம்மா."

"மழை பெஞ்சுதுன்னு ஒருத்தி சொல்றா. அவ நனைஞ்சாளா, இல்ல பஸ்ல யாரோ சொன்னதைச் சொல்றாளான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"நல்ல பாஷை! நம்ம பாஷையில பெஞ்சுது வேற, பெஞ்சுதாம் வேற. இவங்க கோர்ட்டுல எப்படிச் சாட்சி சொல்றாங்க?"

ரலித்சா சிரித்துவிட்டு, "முதல்ல நீங்க போன சனிக்கிழமை என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க" என்றாள். பெட்கானா சொன்னதில் ஒரு வினைச்சொல்கூடப் போன சனிக்கிழமைக்குப் போகவில்லை.

ஜூன் மாதம் மாவட்டத் தலைநகருக்குப் போய்த் தேர்வு எழுதினாள். போவதற்கு முன் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், அதுதான் அவள் செய்த தப்பு. எதிர்வீட்டு வெலிச்கா செம்புப் பானை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மாடிப்படியில் ஊற்றி வழியனுப்பினாள். காரியம் தண்ணீர் போலத் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தண்ணீர் மூன்று மாடி இறங்கித் தெருவரைக்கும் ஓடியது. தேர்வில் பெட்கானா நான்கு மதிப்பெண்ணில் தோற்றாள்.

வெலிச்காவுக்கு வயது அறுபத்து மூன்று, தக்காளி டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் வாய்க்கு ஓய்வு கிடையாது. பெட்கானா படியேறும்போதெல்லாம் கதவைத் திறந்துகொண்டு, "வழி விடுங்க, இங்கிலாந்து மகாராணி வராங்க!" என்பாள். நாலாம் மாடி மித்கோவிடம், "நான் ஊத்துன தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு போல, வழுக்கி விட்டுடுச்சு" என்பாள். மித்கோ சிரிப்பான். பெட்கானாவின் முகத்தில் ஈயாடாது. கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து அழுத நாளும் உண்டு.

அதனால் இரண்டாம் முறை பணம் கட்டியபோது யாரிடமும் மூச்சு விடவில்லை. ரலித்சாவுக்குத் தெரியும், காமெனுக்குத் தெரியும், அவ்வளவுதான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம் என்றார்கள். அக்டோபர் முடிவதற்குள் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது: பதினான்காம் தேதி, மாலை நான்கு மணி.

பதினான்கு புனித பெட்காவின் திருநாள். பெட்கானா, பெட்கோ, பெங்கா என்று பெயர் வைத்த அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பெயர்நாள். எங்கள் ஊரில் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால்தான் போவோம். பெயர்நாளுக்குக் கூப்பிடுவதும் இல்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. மதியத்திலிருந்தே கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கும், வருகிறவர் மணி அடிக்கக்கூடத் தேவையில்லை. தேர்வின் விதியோ நேர் எதிர். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. வேறு குரல் கேட்கக் கூடாது. நாற்காலியை விட்டு எழுந்தால் தேர்வு ரத்து.

"ஆறு மணிக்கு மேலதான் எல்லாரும் வருவாங்க" என்று அவள் போனில் காமெனிடம் சொன்னாள். "நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் பூட்டிக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"வெலிச்கா அக்கா?"

"அவங்க போன வருஷமும் ஆறுக்குத்தான் வந்தாங்க."

"போன வருஷம் அவங்க புருஷன் செத்து எட்டே மாசம்தான் ஆகியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி எப்பவும் முதல் ஆளா வந்து உனக்கு மேஜை போட்டுக் குடுப்பாங்க, மறந்துட்டியா?" என்றான் காமென். பெட்கானா அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலையிலேயே பாலாடைக்கட்டி வைத்து இரண்டு தட்டு பானித்சா அடை சுட்டு, துணி போட்டு மூடிவைத்தாள். சிவப்புக் குடைமிளகாயை வாட்டித் தோலுரித்தாள். மூன்றரை மணிக்குக் கதவைப் பூட்டி, சாவியை உள்பக்கம் அப்படியே விட்டு, அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றி, போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

தேர்வு நடத்தத் திரையில் வந்தவள் நரைமுடிப் பெண், கண்ணாடி போட்டவள், குரலில் கருணை இருந்தது. முதல் பகுதி போனது. இரண்டாம் பகுதியில் ஒரு மரபுத்தொடரை நைசாக நுழைத்தாள், நரைமுடிப் பெண்ணின் உதட்டில் சிரிப்பு வந்தது. கடைசிப் பகுதி ஐந்து நிமிஷம். உங்களுக்கு நன்றாக நினைவிருக்கிற ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள். பெட்கானாவுக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போல இருந்தது. கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை அவள் இருநூறு தடவை ஒப்பித்திருக்கிறாள். போனேன், பார்த்தேன், திறந்தேன் என்று வினைச்சொற்கள் வரிசையாக வந்து நின்றன. அரை நிமிஷம் கழிந்தது.

கதவு தட்டப்பட்டது.

"பெட்கானா! மகாராணி! கதவை ஏன்டி பூட்டி வெச்சிருக்க? ஆயுசு நூறா இருக்கணும்! திற!"

பெட்கானா பேச்சை நிறுத்தவில்லை. அன்று சாவி என் கையில் கனமாக இருந்தது என்றாள், ஆங்கிலத்தில்.

"அடியே, விளையாடாத. உள்ள விளக்கு எரியுது. ஷூ வாசல்லயே கிடக்குது. மணி வேற அடிக்க மாட்டேங்குது." கொஞ்சம் இடைவெளி. "பெட்கானா?"

வெளியே கைப்பிடியை ஆட்டும் சத்தம். பிறகு வேறு சாவி ஒன்றைப் பூட்டில் நுழைக்கும் சத்தம். வெலிச்காவிடம் இவர்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் உண்டு. உள்ளே இவள் சாவி இருந்ததால் அது நுழையவில்லை. அது நுழையவில்லை என்று வெலிச்காவுக்குத் தெரிந்த அந்த நொடியில் அவள் குரல் மாறியது.

"சாவி உள்ள இருக்கு. மித்கோ! மித்கோ, கடப்பாரை எடுத்துட்டு வா! சாவி உள்ள இருக்குடா!"

பெட்கானா வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். முந்தைய வருஷம் பிப்ரவரியில் இதே படிக்கட்டில், இதே வார்த்தையை, இதே குரலில் அவள் கேட்டிருக்கிறாள். வெலிச்கா கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவள் வீட்டுக் கதவு உள்ளே சாவியோடு பூட்டிக் கிடந்தது. மித்கோ கடப்பாரையால் நெம்பினான். உள்ளே வெலிச்காவின் கணவன் ஒக்னியன் தரையில் கிடந்தார், உயிர் போயிருந்தது. அன்று வெலிச்காவைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றவள் பெட்கானாதான். அந்த நாளைப் பற்றி வெலிச்கா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசினாள், மிளகாய் விலையிலிருந்து மகாராணி வரைக்கும் விடாமல் பேசினாள்.

வெளியே அழுகைச் சத்தம் கேட்டது. பெட்கானா திரையைப் பார்த்தாள். மூலையில் கடிகாரம் நான்கு நிமிஷம் மீதி என்று காட்டியது. எழுந்தாள்.

"தயவுசெய்து உட்காருங்கள்" என்றாள் திரையில் இருந்தவள். "எழுந்தால் நான் தேர்வை நிறுத்த வேண்டியிருக்கும்."

"மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு பெட்கானா போய்க் கதவைத் திறந்தாள்.

வெலிச்கா ஒரு கையில் சாமந்திக் கொத்தும் இன்னொரு கையில் ஊறுகாய்ப் புட்டியுமாக நின்றிருந்தாள். முகமெல்லாம் ஈரம். பின்னால் மித்கோ கடப்பாரையோடு. வெலிச்கா பூங்கொத்தாலேயே பெட்கானாவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பேய்! பிசாசு! பெயர்நாளும் அதுவுமா யாராவது கதவைப் பூட்டுவாங்களா? நீ செத்துட்டன்னு நினைச்சேன்டி! வாயைத் திறந்து ஒரு குரல் குடுத்தா என்ன, முத்து உதிர்ந்துடுமா?"

பெட்கானா திரும்பிப் போய்ப் பார்த்தபோது திரை வெறுமையாக இருந்தது. தேர்வு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி.

பெயர்நாளில் அழுதுகொண்டிருக்க முடியாது, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பானித்சாவை வெட்டினாள், ரக்கியா என்ற பழச்சாராயம் ஊற்றினாள், நீடூழி வாழ்க என்று சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். வெலிச்கா தட்டு எடுக்க உள்ளே போனவள் கம்ப்யூட்டரையும் அதன் முன்னால் கிடந்த ஒற்றை நாற்காலியையும் கழற்றிய மணிக்கம்பியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கெட்டிக்காரி, யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னைக்கா?" என்றாள்.

"இன்னைக்குத்தான்."

"எவ்வளவு நேரம் பாக்கி இருந்துச்சு?"

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷம் நான் கத்திட்டுப் போறேன்னு விட வேண்டியதுதானே, கிறுக்கி? இருபத்திரண்டு வருஷ வேலைடி அது!"

"முடியல அக்கா" என்றாள் பெட்கானா. அன்று வெலிச்கா சாப்பிடவும் இல்லை, விருந்தாளிகள் போகும்வரை சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி வாய் மூடி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை தேர்வு நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் கம்ப்யூட்டரில் வந்தது. அவசரநிலை ஏதாவது இருந்திருந்தால் என்ன நடந்தது என்பதை விண்ணப்பதாரரே ஆங்கிலத்தில், பிறர் உதவி இல்லாமல், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பலாம். ஏற்கத்தக்கது என்றால் இன்னொரு வாய்ப்பு தருவார்கள்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் மனசு அதிலேயே நிற்கும். வாய்ப்புக் கொடுத்தார்கள். அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி அவள் மறுபடி உட்கார்ந்தாள், வேண்டியதற்கு மேல் இரண்டே மதிப்பெண் வாங்கித் தேறினாள். இன்றைக்கும் கோட்டை வாசலில் அவள்தான் இருக்கிறாள், போனால் பார்க்கலாம். நான் சொல்ல வந்தது அந்தக் கடிதம் எழுதிய காலையைப் பற்றி.

லீவு சொல்லிவிட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். வெலிச்கா வந்து எதிரே உட்கார்ந்தாள், யாரும் வரச் சொல்லவில்லை. பெட்கானா எழுதினாள். என் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். நான் திறந்தேன். எழுதியதைத் திரும்பப் படித்தபோது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. யாரோ கதவைத் தட்டினார்களாம், இவள் திறந்தாளாம், இது ஒரு அவசரமா? பூட்டிய கதவு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? இத்தனை மாதம் அவள் படித்ததெல்லாம் யாரோ ஒருவன் கடைக்குப் போன கதைதான். ஆங்கிலத்தில் அவளுக்கு இதுவரை எதுவுமே நடந்திருக்கவில்லை. இப்போதுதான் நடந்திருக்கிறது.

"அக்கா" என்றாள். "அவரு போன அன்னைக்கு நடந்ததை நான் எழுதணும். நான் வந்ததுக்கு அப்புறம் நடந்தது எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி?"

வெலிச்கா எழுந்தாள். காப்பிக் கோப்பைகளைக் கழுவினாள், கழுவின கோப்பையை இன்னொரு தடவை கழுவினாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

"நீ வந்தப்ப நான் அங்க நின்னு பத்து நிமிஷம் ஆயிருந்துச்சு" என்றாள். "அது உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

பெட்கானா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சாவி உள்ள இருந்துச்சு. நான் தட்டினேன். குடிச்சுட்டுத் தூங்குறாருன்னு நினைச்சேன். ரெண்டு கையிலயும் பை, தோள் வலி உயிர் போவுது. செவிட்டுக் கழுதைன்னேன். உன்னைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன்னேன். பத்து நிமிஷம், பெட்கானா. நின்னு நிதானமா திட்டினேன். அப்புறம் ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, விழுந்த உடனே போயிருக்க மாட்டாரு, கொஞ்ச நேரம் நினைவு இருந்திருக்கும்னு." அவள் மேஜைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "அவரு காதுல கடைசியா விழுந்தது அதுதான்."

பெட்கானா எதிரே கையை நீட்டினாள், வெலிச்கா அதைத் தள்ளிவிட்டாள்.

"அழுறதுக்கு நான் உக்காரல. எழுது."

"திட்டினதையுமா?"

"எல்லாத்தையும் எழுது. நேத்து நான் ஏன் அப்படிக் கத்துனேன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

பெட்கானா எழுதினாள். வெலிச்கா ஒரு வாக்கியம் சொல்வாள், இவள் அதை அந்த மொழியில் தேடி எடுப்பாள். நின்றாள். தட்டினாள். திட்டினாள். மரபுத்தொடர் ஒன்றும் அகப்படவில்லை, அவளும் தேடவில்லை. பல் விளக்குவது போலத் தினம் ஒப்பித்த பட்டியலிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, இந்த முறை ஒன்றுகூட ஓடிப்போகவில்லை. கழுதைக்கு மட்டும் அகராதி பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டபோது மணி பதினொன்று.

"படிச்சுக் காட்டு" என்றாள் வெலிச்கா.

"உங்களுக்குப் புரியாதே அக்கா."

"பரவால்ல, படி."

பெட்கானா ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒக்னியன் என்ற பெயர் வந்த இடத்தில் வெலிச்காவின் தலை ஒரு தடவை அசைந்தது. மற்றபடி அவள் அசையாமல் கேட்டாள். படித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அந்த பாஷையில கேட்டா" என்றாள், "எங்கயோ ஒரு ஊர்ல யாரோ ஒருத்திக்கு நடந்த மாதிரி இருக்குடி. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? கையில வேற பை."

மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை படி."